மேடும் கூரையும்

மூக்குத் தண்டில் மேடு உள்ளவர் அதைத் தன் கண்ணால் பார்ப்பது அரிது. நிலைக்கண்ணாடி நேர் முகத்தைத்தான் காட்டும். அடையாள அட்டைப் படமும் அப்படித்தான். பக்கவாட்டு முகம் மற்றவர்களுக்கு உரியது. அதனால் மேட்டைப் பற்றிய செய்தி அதன் சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே வந்து சேர்கிறது: பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயராக, "அப்படியே உங்க தாத்தா மூக்கு" என்று அத்தை சொல்லும் பாராட்டாக. மலேசியாவின் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர் ஓரமாக நின்று எடுத்த காட்சியைப் பிறகு பெரிய திரையில் பார்த்துத் திடுக்கிடும் மணப்பெண்ணும் உண்டு, மாப்பிள்ளையும் உண்டு.

கைபேசி வந்தபின் குழப்பம் கூடிவிட்டது. லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். முகத்தில் லென்ஸுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது மூக்கு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 12 அங்குலத் தொலைவில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம், 5 அடித் தொலைவில் எடுத்த படத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது. மூக்கைப் பற்றி முடிவெடுக்க நினைப்பவர் முதலில் வேறொருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ஐந்தடி தள்ளி நின்று எடுக்கச் சொல்வது நல்லது. காசில்லாத வைத்தியம்.

சரி, அந்த மேடு எதனால் ஆனது? ஆள்காட்டி விரலைப் புருவங்களுக்கு நடுவே வைத்து, அழுத்தியபடியே மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் கல்போலக் கடினம். அங்கே இருப்பது எலும்பு. தண்டில் பாதி தூரம் வருவதற்குள் விரலுக்கடியில் ஏதோ நெகிழ்கிறது. அழுத்தினால் அமுங்கி மீள்கிறது. அங்கே குருத்தெலும்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் மேடு உட்கார்ந்திருக்கும். தொட்டால் முழுக்க எலும்பு என்றே தோன்றும். திறந்து பார்த்தால் பெரும்பகுதி குருத்தெலும்பு; அதன் மேல் மெல்லிய எலும்புத் தொப்பி. இடமும் வலமுமாக இரண்டு குருத்தெலும்புத் தகடுகள் மேலே போய் நாசி எலும்புகளுக்கு அடியில் சில மில்லிமீட்டர் நுழைந்து ஒட்டியிருக்கின்றன. நடுவில் மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர் அவற்றைத் தாங்குகிறது. ஒரு வீட்டின் கூரையும் நடுச்சுவரும் போல என்று சொன்னால் பெரிய பிழையில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கூரையைப் பற்றித்தான்.

இன்னொரு விரல் சோதனை. தண்டின் தோலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் கிள்ளிப் பாருங்கள். மூக்கின் வேரில் தோல் தடிப்பு, சராசரியாக 1.25 மில்லிமீட்டர். எலும்பும் குருத்தெலும்பும் சேரும் நடுவிடத்தில் 0.6 மில்லிமீட்டர்தான். நுனியை நெருங்கும்போது மறுபடி தடிக்கிறது. இதன் விளைவு விசித்திரமானது. வெளியில் நேர்க்கோடாகத் தெரியும் மூக்குக்குள் எலும்புச் சட்டகம் நேராக இருப்பதில்லை. நடுவில் சற்றே மேடாக இருக்கிறது. தடித்த தோலும் மெல்லிய தோலும் சேர்ந்து அந்த ஏற்ற இறக்கத்தை நிரவிவிடுகின்றன. எலும்பை அளவுகோல் வைத்ததுபோல் நேராகச் சீவினால் வெளியே பள்ளம் விழும். மேட்டை எடுக்கப் போகிறவர் உள்ளே கொஞ்சம் மேட்டை விட்டு வைக்க வேண்டும்.

சில மேடுகள் மேடே இல்லை. மூக்கின் வேர், அதாவது கண்களுக்கு நடுவிலுள்ள பகுதி, பள்ளமாக இருந்தால் அதற்குக் கீழே உள்ள சாதாரணத் தண்டும் புடைத்துத் தெரியும். நுனி தொங்கினாலும் அப்படியே. வயதாக ஆக நுனி இறங்குவதால், இருபதில் கண்ணுக்குப் படாத மேடு ஐம்பதில் தெரிய ஆரம்பிக்கும். முகவாய் உள்வாங்கியிருந்தால் மூக்கு முழுவதுமே பெரிதாகத் தோன்றும். தேர்ந்த கைகள் இத்தகைய மூக்கில் தண்டைத் தொடுவதே இல்லை. வேரில் ஒரு சிறு குருத்தெலும்புத் துண்டை வைத்து உயர்த்தினால் மேடு காணாமல் போய்விடுகிறது.

மூக்கு அறுவையின் வரலாறு என்றதும் நம்மவர்கள் சுசுருதரில் தொடங்குவார்கள். அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் அது வேறு கலையின் பெருமை. இந்தியாவில் வளர்ந்தது அறுந்த மூக்கை மீண்டும் உருவாக்கும் கலை. அதற்குத் தேவையும் இங்கே இருந்தது. தண்டனையாகவும் போரிலும் மூக்கறுப்பது வழக்கமாக இருந்த நாடு இது. திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்ததால் அந்தச் சண்டைக்கே மூக்கறுப்புப் போர் என்று பெயர் நின்றுவிட்டது. 1792இல் ஆங்கிலேயர் படையில் மாடோட்டியாக இருந்த கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிறகு பூனாவில் ஒருவர் அவருக்கு நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்து கொடுத்தார். இரண்டு ஆங்கில மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' படத்தோடு அதை வெளியிட்டது. அதைப் படித்துவிட்டு, பிணங்களில் பழகிப் பார்த்து, ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்தார். பூனாவில் அறுவை செய்தவர் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்கிறது அந்தக் கட்டுரை.

இருக்கிற மூக்கைக் குறைப்பது நூறாண்டு கழித்து வந்த ஆசை. மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வராமல் அது நடந்திருக்கவே முடியாது. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து இல்லாத ஒன்றுக்காகக் கத்திக்குக் கீழே படுக்க, வலியும் சீழும் முதலில் ஒழிய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜான் ஆர்லாண்டோ ரோ 1891இல், மூக்குத் துளைக்குள்ளிருந்தே போய் வெளித் தழும்பில்லாமல் தண்டு மேட்டைக் குறைத்த முறையை எழுதினார். பெர்லினில் ஜாக் ஜோசப் அதை அறியாமலேயே தனி வழியில் வந்து சேர்ந்தார்.

ஜோசப்பின் கதை சுவையானது. அவர் எலும்பு மருத்துவம் பயின்ற இளைஞர். 1896இல், காது விடைத்திருந்ததால் கேலிக்கு ஆளாகிப் பள்ளிக்குப் போக மறுத்த ஒரு சிறுவனுக்குக் காதை ஒட்ட வைத்தார். அறுவை நன்றாக முடிந்தது, வேலை போயிற்று. அழகுக்காகக் கத்தி எடுப்பது மருத்துவர் செய்யும் காரியமா என்பது அவருடைய தலைமை மருத்துவரின் கேள்வி. செய்தி பரவி, 1898இல் ஒருவர் தேடி வந்தார். நிலபுலன் உள்ளவர், 28 வயது. தன் மூக்கை ஊரார் வெறிப்பதால் வெளியே தலைகாட்டவே முடியவில்லை என்றார். ஜோசப் முதலில் ஒரு பிணத்தில் செய்து பார்த்தார். பிறகு அவருக்கு வெளித்தோலைக் கீறி, எலும்பையும் குருத்தெலும்பையும் எடுத்தார். அதே ஆண்டு பெர்லின் மருத்துவச் சங்கத்தில் அதை விவரித்தபோது, மூக்கு குறைந்ததைவிட அந்த மனிதரின் மனச்சோர்வு நீங்கியதையே பெரிதாகச் சொன்னார். தன் உருவத்தால் வாடுகிறவரும் நோயாளியே என்பது அவர் வாதம்.

ஜோசப் யூதர். அவரிடம் வந்தவர்களில் பலரும் யூதர்கள். அந்த நாளைய பெர்லினில் மூக்கு மேட்டை இன அடையாளமாகக் காட்டிக் கேலிச்சித்திரம் போட்டார்கள். கூட்டத்தில் கலந்து மறைய நினைத்தவர்களுக்கு மூக்கு தடையாக இருந்தது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களையும் சீர்செய்த அவர் 1934இல் இறந்தார். அதற்குள் ஜெர்மனி நாஜிகள் கைக்குப் போயிருந்தது. அவர் வடிவமைத்த கருவிகள் இன்றும் அறுவை அரங்கத் தட்டுகளில் அவர் பெயரோடுதான் கிடக்கின்றன.

அந்தத் தட்டில் இருப்பவை தச்சுப் பட்டறையை நினைவூட்டும்: உளி, சுத்தி, அரம். வழக்கமான முறை இப்படி. துளைக்குள் கீறியோ, இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள தோலில் சிறு வெட்டுப் போட்டோ, தோலைச் சட்டகத்திலிருந்து தூக்குவார்கள். குருத்தெலும்பு மேட்டைக் கத்தியால் சீவி, எலும்புத் தொப்பியை உளியால் தட்டி எடுத்து, மீதியை அரத்தால் தேய்ப்பார்கள். எடுக்கும் துண்டின் தடிமன் பல மூக்குகளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். உள்ளங்கையில் வைத்தால் உடைந்த நகம் போலிருக்கும். ஆனால் சீவப்பட்டது கூரையின் முகடு. முகட்டை எடுத்தால் என்ன மிச்சம்? இரண்டு பக்கச் சுவர்கள், நடுவே திறந்த வெளி. அப்படியே விட்டுத் தோலை மூடினால் தண்டு அகன்று தட்டையாகத் தெரியும். அதனால்தான் மேடு எடுத்தபின் பக்க எலும்புகளை வேண்டுமென்றே அடியில் உடைத்து உள்ளே தள்ளி, மீண்டும் முகடாகச் சேர்க்கிறார்கள். கண்ணைச் சுற்றி நீலம் பாரிப்பது பெரிதும் இந்த உடைப்பால்தான்.

எலும்பு கூடிவிடும். சிக்கல் குருத்தெலும்பில். பக்கத் தகடுகள் நடுச்சுவரோடு சேரும் கோணம், மூச்சுப் பாதையிலேயே மிகக் குறுகலான வாசல். காற்று மூக்கிலிருந்து நுரையீரல்வரை சந்திக்கும் மொத்தத் தடையில் பாதியளவு மூக்கிலேயே, பெரிதும் இந்த வாசலில்தான் இருக்கிறது. குழாயின் ஆரம் பாதியானால் அதில் பாயும் அளவு பதினாறில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியல் பாடம். மூக்கு ஒழுங்கான குழாய் இல்லை. கணக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் எந்தத் திசையில் ஆபத்து இருக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. முகட்டைச் சீவும்போது தகடுகளுக்கும் சுவருக்கும் உள்ள பிணைப்பு அறுந்து, தகடுகள் உள்ளே சரிந்தால், மூக்கு அழகாகி மூச்சு அடைக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்படி ஏராளமான மூக்குகள் அளவுக்கு மீறிச் சீவப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து நடுவில் தலைகீழ் 'வி' வடிவ நிழல் விழும். ஓடும்போது மூச்சு போதாது.

கலிபோர்னியாவின் ஜாக் ஷீன் 1984இல் இதற்கு எளிமையான பதில் ஒன்று எழுதினார். நடுச்சுவரிலிருந்தே எடுத்த தீக்குச்சி அளவுக் குருத்தெலும்புத் துண்டுகளைச் சுவருக்கும் தகட்டுக்கும் இடையே செருகித் தைப்பது. வாசல் மூடாமல் நிற்கும். மேடு எடுக்கும் அறுவையில் செருகுவதற்கும் நேரம் ஒதுக்குகிறாரா என்பதை வைத்தே அறுவை மருத்துவரை எடைபோடலாம் என்பது என் எண்ணம்.

வேறொரு யோசனையும் உண்டு. அது ஷீனுக்கு முந்தியது. கூரையின் முகட்டை வெட்டுவானேன்? சுவர்களின் அடியில் ஒரு கீற்றை அறுத்து எடுத்துவிட்டு, கூரையை அப்படியே முழுசாக இறக்கினால் என்ன? பாஸ்டனில் குட்டேல் 1899இலேயே இதை முயன்றார். லோத்ராப் 1914இலும், காட்டில் 1954இலும் மெருகேற்றினார்கள். பிறகு பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். சீவுவதைக் கற்றுக்கொடுப்பது சுலபம், இறக்குவது கடினம் என்பது ஒரு காரணம். 2018 வாக்கில் பிரான்சின் இவ் சபான், அமெரிக்காவின் ரோலின் டேனியல் போன்றவர்கள் அதைத் தூசு தட்டி எடுத்தபின் இன்று உலகெங்கும் மாநாடுகளில் அதே பேச்சு. எலும்பை மட்டும் அறுத்து மெல்லிய திசுவை விட்டுவைக்கும் மீயொலி அதிர்வுக் கருவி அதற்குத் துணையாக வந்திருக்கிறது. பெரிய மேடு, கோணிய தண்டு, அடிபட்ட மூக்கு இவற்றுக்கு இறக்கும் முறை அவ்வளவாக ஒத்துவராது. புதுச் சரக்கு என்பதற்காகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

இனி கோலாலம்பூருக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மூக்கு அறுவை செய்பவர் உலகின் பல நகரங்களில் இருப்பவர்களுக்கு வாய்க்காத ஒரு நிலையில் இருக்கிறார். அவரிடம் வரும் சீனர்களும் மலாய்க்காரர்களும் தண்டை உயர்த்தச் சொல்லிக் கேட்பதுதான் அதிகம். சிலிக்கோனோ, காதுக் குருத்தெலும்போ, விலாக் குருத்தெலும்போ வைத்து உயர்த்துகிறார்கள். இந்தியர்கள் பலர் இறக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். காத்திருக்கும் அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் இருக்கும் இருவரில் ஒருவர் கழிக்க நினைப்பதை இன்னொருவர் காசு கொடுத்து வாங்க வந்திருக்கலாம். மேடு என்பது எந்தச் சமதளத்திலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று பாடநூல் எழுதினால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்த அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

பாடநூல்களின் அளவுகள் வெள்ளையர் முகங்களிலிருந்து வந்தவை. மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 2009இல் மலேசிய இந்தியர்களின் முக அளவுகளைத் தனியாக எடுத்து வெளியிட்டது இந்தக் குறையைப் போக்கத்தான். நம் மூக்கை அளக்க வந்தவர்களில் எல்லோருக்கும் இப்படி நல்ல நோக்கம் இருந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் வந்த எட்கர் தர்ஸ்டன் இடுக்கி அளவியை எடுத்துக்கொண்டு மாகாணம் முழுவதும் மூக்குகளை அளந்தார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் நாசிக் குறியீடு. வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி அந்த எண்ணை வைத்துச் சாதிகளை ஏணியில் ஏற்றினார், இறக்கினார். அதே காலத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் பினாங்குக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். தர்ஸ்டனின் கணக்கில் அகலமும் உயரமும் மட்டுமே உண்டு. தண்டு மேடா பள்ளமா என்று அது கேட்கவே இல்லை.

இன்றைய மரபியல் வேறு விதமாகக் கேட்கிறது. 2016இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட லத்தீன் அமெரிக்கர்களின் முகங்களையும் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மூக்குத் தண்டின் அகலத்தோடு ஒரு மரபணு, துளையின் அகலத்தோடு இரண்டு, நுனியின் கூர்மையோடு இன்னொன்று என்று தனித்தனியாகத் தொடர்பு தெரிந்தது. 2017இல் பென்சில்வேனியா ஆய்வு ஒன்று, துளைகளின் அகலம் மூதாதையர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் ஈரத்தோடும் ஒத்துப்போவதைக் காட்டியது. குளிர்ந்த வறண்ட காற்றைச் சூடாக்கி ஈரமாக்கக் குறுகலான துளை உதவும். வெப்பமும் ஈரமும் நிறைந்த கோலாலம்பூர்க் காற்றில் மூக்குக்கு அந்த வேலை அதிகமில்லை. தண்டு மேட்டுக்கு இப்படி ஒரு பயனை யாரும் நிறுவவில்லை. தாத்தாவிடமிருந்து வந்தது, அவ்வளவே.

தாத்தாவிடமிருந்து வராத மேடும் உண்டு. மோட்டார் சைக்கிள் விபத்து, காற்பந்தில் முழங்கை இடி. உடைந்த மூக்கை இரண்டு வாரத்துக்குள் காட்டினால் கத்தியில்லாமல் தள்ளி நேராக்கிவிடலாம். அதற்குமேல் எலும்பு கோணலாகவே கூடிவிடும். அடிபட்ட அன்றே பார்க்க வேண்டியது வேறொன்று: துளைக்குள் நடுச்சுவரில் இரத்தம் கட்டி வீங்கியிருந்தால் உடனே வடிக்க வேண்டும். சில நாள் விட்டால் குருத்தெலும்பு அழுகி, மேடிருந்த இடம் பள்ளமாகும்.

கத்தியே வேண்டாம், ஊசியால் மறைக்கலாம் என்கிற விளம்பரங்கள் இப்போது அதிகம். மேட்டின் மேலும் கீழும் ஹயலூரோனிக் அமிலக் கூழை நிரப்பினால் தண்டு நேராகத் தெரியும். ஓராண்டு வாக்கில் கரையும். கால் மணி நேர வேலை. ஆனால் தண்டின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. கூழ் தவறிக் குழாய்க்குள் புகுந்து பின்னோக்கித் தள்ளப்பட்டால் விழித்திரைக்குப் போகும் குழாய் அடைபடும். பார்வையைக் காக்கக் கிடைக்கும் நேரம் ஒன்றரை மணிதான். பல வேளைகளில் அதுவும் போதாது. 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, நிரப்பு ஊசியால் பார்வை பாதிக்கப்பட்ட 98 பேரைப் பட்டியலிட்டது. அவர்களில் நாலில் ஒருவருக்கு ஊசி போடப்பட்ட இடம் மூக்கு. மலேசியாவில் இந்த ஊசியைப் போட, சுகாதார அமைச்சு எல்சிபி என்ற தனிச் சான்று வழங்கிய மருத்துவராக இருக்க வேண்டும். அழகு நிலையத்தில் போடுவது குற்றம். பதிவில்லாமல் மருத்துவச் சேவை நடத்தும் தனிநபருக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் ஆறாண்டு வரை சிறையும் விதிக்கலாம். புருவம் திருத்தப் போன இடத்தில் சலுகை விலையில் மூக்கையும் நேராக்கித் தருகிறேன் என்றால் பணப்பையை மூடிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

அறுவையை எப்போது செய்யலாம்? மூக்கு வளர்ந்து முடிய வேண்டும்: பெண்களுக்குப் பதினைந்து பதினாறு வயது, ஆண்களுக்குப் பதினேழு பதினெட்டு. வயது மட்டும் போதாது. பெல்ஜியத்தின் லூவனில் மூக்கு அறுவை கேட்டு வந்த 226 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டபோது, மூன்றில் ஒருவருக்குத் தன் உருவத்தைப் பற்றிய வதை நோய் என்று சொல்லத்தக்க அளவு கவலை இருந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மேட்டுக்காக நாளில் பல மணி நேரம் கண்ணாடி முன் நிற்பவருக்கு அறுவை உதவாது. மேடு போனபின் கவலை வேறிடத்துக்கு நகரும். ஜோசப்பின் நிலக்கிழார் குணமானார் என்பதும், இவர்கள் குணமாவதில்லை என்பதும் ஒருசேர உண்மை. அறுவை மருத்துவரின் முதல் வேலை இருவரையும் பிரித்தறிவது.

ஒப்புக்கொண்டவருக்கு நடப்பது இது. ஆஸ்பிரின் போன்றவற்றை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். பல ஆண்டு இறுகிய திருகாணி என்றால் முந்தின நாளே நகைக்கடைக்குப் போய்வருவது உத்தமம். முழு மயக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம். ஒரு வாரம் தண்டின்மேல் கட்டு. கண்ணடி நீலம் மஞ்சளாகி மறைய இரண்டு வாரம். குறைந்தது ஒரு மாதத்துக்கு மூக்குக்கண்ணாடியைத் தண்டில் வைக்கக்கூடாது; கூடும் எலும்பில் அது பள்ளம் பதிக்கும். நம் தோல் தடிப்பாக இருப்பதால் வீக்கம் வடிவதும் மெதுவாகத்தான். நுனி தன் உண்மை வடிவத்துக்கு வர ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியில் பார்ப்பது வீங்கிய மூக்கை. அன்றைக்கே படம் எடுத்துக் குடும்ப வாட்சப்பில் போட வேண்டாம்.

நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேர் மறு அறுவைக்கு வருகிறார்கள் என்பது மருத்துவ இலக்கியத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அரம் விட்டுவைத்த சிறு முண்டு என்றால் ஓராண்டு கழித்துச் சிறிது தேய்த்தால் சரியாகும். மிகையாகச் சீவப்பட்ட மூக்குக்கு அந்தச் சுலபம் இல்லை. நடுச்சுவரில் எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. காதுக் குருத்தெலும்பு வளைந்தது; தாங்கும் வலு குறைவு. அப்போது மார்பில் கீறி, ஆறாவது அல்லது ஏழாவது விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துச் செதுக்கி, இறக்கிய தண்டை மறுபடி உயர்த்துகிறார்கள். தண்டை உயர்த்திப் பழகிய கைகள் கோலாலம்பூரில் ஏராளம். இறக்கியதில் தவறிய மூக்குகளும் கடைசியில் அவர்களைத் தேடித்தான் போகின்றன.